வெட்ட முடியாத துண்டு: வைரஸின் கத்தரிக்கோலை மருந்து மடக்குவது எப்படி?

2020 மார்ச் மாதம். கொரோனாவுக்கு எதைக் கொடுப்பது என்று எந்த மருத்துவருக்கும் தெரியாத நாட்கள். அப்போது சீனாவின் வூஹான் நகரத்தில் ஒரு பழைய மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை அது. எச்ஐவி உள்ளவர்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்தது. கொரோனா முற்றி மருத்துவமனையில் கிடந்த 199 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அதைக் கொடுத்தார்கள். குணமாகும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையும், உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையும் அதே பதிலைத்தான் தந்தன.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்யவில்லை. எச்ஐவி வைரஸிடம் புரோட்டியேஸ் என்ற, புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. கொரோனாவிடமும் புரோட்டியேஸ் இருக்கிறது. லோபினாவிர் ஒரு புரோட்டியேஸ் தடுப்பான். பெயரளவில் எல்லாம் பொருந்தி வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பேக்ஸ்லோவிட் வந்தது. அதுவும் புரோட்டியேஸ் தடுப்பான்தான், ஆனால் அது வேலை செய்தது. வேடிக்கை என்னவென்றால், தோற்றுப்போன மாத்திரையில் இருந்த அதே ரிட்டோனாவிர் பேக்ஸ்லோவிட் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. இந்தப் புதிரை அவிழ்க்க வேண்டுமானால், ஒரு நொதி தன் வேலையை எந்த விதத்தில் செய்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பள்ளியில் வேதியியல் பிடிக்காமல் போனவர்களும் தொடர்ந்து வரலாம்.

ஒரே பாவில் நெய்த சேலைகள்

கைத்தறியில் ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனியாகப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், பூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரே பாவில் சில சேலைகளை அடுத்தடுத்து நெய்துவிட்டு, அப்புறம் வெட்டிப் பிரிப்பார்கள். வெட்டும் வரை அது கட்டிக்கொள்ள முடியாத நீளத் துணி. இடம் மாற்றி வெட்டினால் முந்தானை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகப் பாழாய்ப் போகும்.

எச்ஐவி தன் புரதங்களை இப்படித்தான் செய்துகொள்கிறது. அதன் மரபுக் குறிப்பு முழுவதும் சேர்த்தே 9,700 எழுத்துகளுக்குப் பக்கம்தான். மனிதனுடையது 300 கோடி. இவ்வளவு சின்ன ஏட்டில் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத இடமில்லை. அதனால் பல புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாக எழுதி வைத்திருக்கிறது. நம் செல்லின் புரத ஆலை அதை அப்படியே நெய்து கொடுத்துவிடுகிறது. சங்கிலிகள் செல்லின் ஓரத்தில் கூடி, செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டு விட்டு வெளியேறுகின்றன. அந்த நிலையில் அந்த வைரஸ் முதிராத ஓர் உருண்டை. யாருக்கும் தொற்றாது. உள்ளே சங்கிலிகள் சரியான இடங்களில் வெட்டுப்பட்டு, துண்டுகள் இடம் மாறி அமர்ந்து, நடுவில் கூம்பு வடிவ அறை ஒன்று உருவான பிறகுதான் அது தொற்றும்.

வெட்டுகிற கத்தரிக்கோல்தான் எச்ஐவி புரோட்டியேஸ். அதுவும் அதே துணியில்தான் நெய்யப்பட்டிருக்கிறது, அதுவும் பாதிக் கத்தரிக்கோலாக. புரதச் சங்கிலியின் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள். 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு தனியாக எதையும் வெட்டாது. இன்னொரு நீளச் சங்கிலியில் இருக்கும் அதே மாதிரி 99-உடன் சேர்ந்தால்தான் இரண்டு அலகும் கூடிய முழுக் கத்தரிக்கோல் ஆகும். முதல் வேலையாக அது தன்னையே துணியிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்கிறது.

1988-ல் அமெரிக்காவில் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் இந்தக் கத்தரிக்கோலில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். 25-வது இடத்தில் இருந்த ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு, அதற்கு அண்ணன் தம்பி போன்ற அஸ்பரஜினை வைத்தார்கள். வைரஸ் வெளியே வந்தது, ஆனால் தொற்றவில்லை. நொதியின் அந்த ஓர் இடத்தை முடக்கினால் போதும் என்பது அத்தோடு உறுதியாகிவிட்டது. சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உலகத்தில் அதற்கு இருந்த ஒரே மருந்து 1987-ல் வந்த சிடோவுடின். அது வேறொரு நொதியை ஏமாற்றும் மருந்து. வைரஸ் தன் குறிப்பைப் படியெடுக்கும்போது நடுவில் போலி எழுத்தாக நுழைந்து, படியெடுப்பதையே நிறுத்திவிடும். அதை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் வைரஸ் தப்பிக்கக் கற்றுக்கொண்டது.

விறகுக்கட்டைத் தூக்கிவிடுகிறவர்

நொதி என்றதும் பாடப்புத்தகத்தில் பூட்டும் சாவியும் வரும். எமில் ஃபிஷர் 1894-ல் சொன்ன உவமை அது. தப்பு இல்லை, ஆனால் போதாது. சாவி பூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தினால் அங்கேயே சுகமாக இருந்துவிடுமே, வேலை எங்கே நடக்கும்?

எனக்குப் பிடித்த உவமை வேறு. காட்டில் விறகு பொறுக்கிக் கட்டியாயிற்று. தலையில் ஏற்ற வேண்டும். தனியாகத் தூக்கினால் மார்பு உயரத்தில் கை நடுங்கி, கட்டு மறுபடி கீழே வந்துவிடும். வழியில் போகிறவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தூக்கி விடுங்க" என்போம். அவர் தரையில் கிடக்கும் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் பயனில்லை. தலைக்கு ஏறிய பிறகு பிடிப்பதிலும் பயனில்லை. கனம் தாங்காமல் கட்டு தத்தளிக்கிற அந்த நடு உயரத்தில் அவருடைய கை இருக்க வேண்டும்.

நொதி அந்த ஆள். அதன் கை தரைக்கும் பொருந்தாது, தலைக்கும் பொருந்தாது, நடு உயரத்துக்கே பொருந்தும். லைனஸ் பாலிங் 1940-களில் சொன்னது இதைத்தான்: நொதியின் குழி, மாறப் போகிற பொருளின் வடிவத்தை விட, பாதி மாறிய நிலையின் வடிவத்துக்கே இறுக்கமாகப் பொருந்துகிறது. அந்தப் பாதி மாறிய நிலையை இங்கே இடைநிலை என்று வைத்துக்கொள்வோம். அது நிற்காது. நொடியின் மிக மிகச் சின்னப் பங்கில் வந்து போய்விடும். ஆனால் நொதியின் முழுப் பிடிப்பும் அதற்காகத்தான்.

இப்போது மருந்து செய்கிறவர் இடத்தில் நின்று பாருங்கள். மார்பு உயரத்திலேயே உறைந்துபோன ஒரு விறகுக்கட்டைச் செய்து அந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டால்? மேலேயும் போகாது, கீழேயும் வராது. அவருக்கோ அந்த உயரத்தில்தான் பிடி இறுகும். விடவும் மாட்டார், வேறு யாருக்கும் உதவவும் மாட்டார். வைரஸ் நொதிகளுக்கு எதிரான மருந்துகளில் பாதிக் கதை இந்த ஒரு யோசனைதான் என்பேன்.

கத்தரிக்கோலின் வாயில் என்ன நடக்கிறது

சரி, உவமையை விட்டு அணுக்களுக்கு வருவோம். புரதச் சங்கிலியில் ஒரு அமினோ அமிலத்தையும் அடுத்ததையும் இணைப்பது பெப்டைடு பிணைப்பு. அதில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், ஒரு நைட்ரஜன். அந்தக் கார்பனுக்கு மூன்று பக்கத்தில் மட்டும் ஆள், எல்லாம் ஒரே தளத்தில், கோலத்தில் மூன்று கோடுகள் கூடும் புள்ளி மாதிரி தட்டையாக. இந்தப் பிணைப்பு லேசில் விடாது. வெறும் தண்ணீரில் போட்டுவைத்தால் தானாக அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நல்லவேளை, இல்லாவிட்டால் நாம் குளிக்கும்போதே கரைந்துவிடுவோம்.

எச்ஐவி கத்தரிக்கோலின் குழியில் இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒன்று, இரண்டும் 25-வது இடத்தில் இருப்பவை. நடுவில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. ஒரு ஆஸ்பார்ட்டிக் அமிலம் தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. ஹைட்ரஜனை இழந்த தண்ணீருக்கு வேகம் வந்துவிடும், அது பாய்ந்து கார்பனோடு ஒட்டிக்கொள்கிறது. அதே நேரத்தில் எதிரே இருக்கும் ஆஸ்பார்ட்டிக் அமிலம் தன்னிடம் இருந்த ஹைட்ரஜனைக் கார்பனின் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. மூன்று பக்கத்தில் ஆள் வைத்திருந்த தட்டையான கார்பன் இப்போது நான்கு பக்கமும் ஆளோடு, முக்காலி மேல் கம்பு நட்ட மாதிரி புடைத்து நிற்கிறது. இதுதான் நம் நடு உயரம். அடுத்த கணம் நைட்ரஜன் கழன்றுகொள்ள, சங்கிலி இரண்டாகிறது. நொதிக்கு ஒரு சேதமும் இல்லை. அடுத்த துண்டுக்குத் தயார்.

அந்தப் புடைத்த கார்பனைப் போலி செய்வது எப்படி? நைட்ரஜன் இருந்த இடத்தில் இன்னொரு கார்பனை வைத்துவிட வேண்டும். கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை இந்தக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. பிறகு, புடைத்த கார்பனின் மேல் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் கைப்பிடி. அது நேராகப் போய் இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்களுக்கு நடுவே, தண்ணீர் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நொதியைப் பொறுத்தவரை பாதி வேலை முடிந்த துண்டு வாயில் இருக்கிறது. மீதிப் பாதி ஒருபோதும் முடியாது.

இந்தத் தந்திரத்தை மனிதர்களுக்கு முன்பே ஒரு பாக்டீரியா கண்டுபிடித்திருந்தது. 1970-ல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவாவின் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து பெப்ஸ்டாட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. நம் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியை அது கட்டிப்போடும். அதன் நடுவில் இருப்பது இதே புடைத்த கார்பன், இதே ஹைட்ராக்சில். பெப்சினும் இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்களால் வெட்டும் நொதிதான். எச்ஐவியின் கத்தரிக்கோலையும் பெப்ஸ்டாட்டின் தடுத்தது, ஆனால் பலவீனமாக. ரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ரெனின் என்ற நொதியும் இதே குடும்பம். அதைத் தடுக்கும் மருந்து தேடிப் பல நிறுவனங்கள் 1980-களில் ஏராளமான போலித் துண்டுகளைச் செய்து வைத்திருந்தன. எய்ட்ஸ் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது.

குடும்பம் ஒன்று என்றால் ஒரு ஆபத்தும் உண்டு. வைரஸின் கத்தரிக்கோலை அடைக்கப் போய் நம் பெப்சினையும் ரெனினையும் அடைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் வெல்வின் நகரத்தில் இருந்த ரோஷ் நிறுவன வேதியியலாளர்கள் இதற்கு ஒரு நல்ல பிடி கண்டார்கள். எச்ஐவி கத்தரிக்கோல் வெட்டும் இடங்களில் சிலவற்றில் ஃபினைல்அலனின் அல்லது டைரோசினுக்கு அடுத்து புரோலின் வருகிறது. புரோலினுக்கு முன்னால் வெட்டுவது மனித நொதிகளுக்குப் பிடிக்காத வேலை. அப்படியானால் ஃபினைல்அலனின்–புரோலின் ஜோடியைப் போலவே தோன்றும் வெட்ட முடியாத துண்டு ஒன்றைச் செய்தால், வைரஸ் மட்டும் ஏமாறும், நம் நொதிகள் திரும்பியும் பார்க்காது. ஹைட்ராக்சில் கைப்பிடியை நடுவில் வைத்து, புரோலின் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய இரட்டை வளையத்தைப் பொருத்தி, இரண்டு ஓரங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து 1990-ல் அவர்கள் வெளியிட்ட மூலக்கூறுதான் சாக்வினாவிர்.

எவ்வளவு இறுக்கமான பிடி? நொதிகளில் பாதியை அடைக்க எவ்வளவு அடர்த்தியில் மருந்து வேண்டும் என்பதை வைத்து அளப்பார்கள். எண் குறையக் குறையப் பிடி இறுக்கம். சாக்வினாவிருக்கு அது 0.12 நானோமோலார். வெறும் எண்ணாகக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கலக்கினால் வரும் அடர்த்தி அது. அந்தத் தண்ணீரிலும் கத்தரிக்கோல்களில் பாதி மருந்தால் அடைபட்டிருக்கும்.

அளக்கும் விதமும் அழகானது. ஒளிரும் சாயம் ஒரு முனையில், அந்த ஒளியை விழுங்கும் சாயம் மறு முனையில் என்று ஒரு குட்டிப் புரதத் துண்டு செய்வார்கள். இரண்டும் பக்கத்தில் இருக்கும் வரை ஒளி தெரியாது. கத்தரிக்கோல் நடுவில் வெட்டியதும் சாயங்கள் பிரிந்து வெளிச்சம் வரும். மருந்தைச் சேர்த்த பின் வெளிச்சம் வரவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது.

இதற்கிடையில், 1989-ல், கத்தரிக்கோலின் உருவமே கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் மெர்க் குழு எக்ஸ்ரே மூலம் அதன் படிகத்தைப் படம் பிடித்தது. சில மாதங்களில் அலெக்சாண்டர் வுலோடாவரின் குழு இன்னும் தெளிவான படத்தைத் தந்தது. அவர்கள் பயன்படுத்திய நொதியை உயிருள்ள செல் எதுவும் செய்யவில்லை. ஸ்டீபன் கென்ட் ஆய்வுக்கூடத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்தது அது. இப்படி வரும் புரதப் படங்களில் சங்கிலி இயல்பாக மடிந்திருக்கிறதா என்று சரிபார்க்க இன்றும் முதலில் பார்ப்பது ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் தந்த கொடை.

படம் வந்ததும் ஆளுக்கொரு யோசனை. கத்தரிக்கோலின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி என்றால் மருந்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கலாமே என்று அபாட் நிறுவனத்தில் நினைத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் ரிட்டோனாவிர். டூபான் மெர்க் குழு இன்னும் நுட்பமாக யோசித்தது. குழியின் மேல் மூடியில் ஒரு தண்ணீர் மூலக்கூறு எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதையும் வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வளைய மூலக்கூறுகளை 1994-ல் வெளியிட்டது. நான் பார்த்த வடிவமைப்புகளில் மிக அழகானது அதுதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட மருந்துக் கடைக்கு வரவில்லை. குழிக்குள் பொருந்துவது வேறு, மருந்தாவது வேறு.

வயிறு, கல்லீரல், பிறகு வைரஸ்

சாக்வினாவிர் 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிட்டோனாவிரும் இண்டினாவிரும் 1996 மார்ச்சில். வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் இறப்பு விகிதம் 1997-ல் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆனால் சாப்பிட்டவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சாக்வினாவிரை விழுங்கினால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றில் நான்கு பங்குதான். அதனால் வேளைக்கு 600 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. இண்டினாவிரை வெறும் வயிற்றில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்தில் கல். காரணம் எளிது. மருந்து புரதத் துண்டு போல வேஷம் போட்டிருக்கிறது. பெரிய உருவம், தண்ணீரில் கரையத் தயக்கம், குடல் சுவரைத் தாண்டச் சிரமம். தாண்டினாலும் கல்லீரலிலும் குடலிலும் சிஒய்பி3ஏ4 என்ற கரடுமுரடான பெயரில் ஒரு நொதி காத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருள்களைச் சிதைத்து அனுப்புவது அதன் வேலை.

இங்கேதான் ரிட்டோனாவிரின் இன்னொரு முகம் தெரியவந்தது. அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு நைட்ரஜன், சிஒய்பி3ஏ4-இன் நடுவிலுள்ள இரும்பு அணுவைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. கல்லீரலின் கை கட்டுப்பட்டுவிடுகிறது. ரிட்டோனாவிரையே எச்ஐவி மருந்தாகக் கொடுக்க வேளைக்கு 600 மில்லிகிராம் தேவைப்பட்டது, வயிற்றைப் புரட்டும். ஆனால் 100 மில்லிகிராம் மட்டும் கொடுத்தால், கூட வரும் வேறொரு மருந்து சிதையாமல் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும். பக்கவிளைவாக இருந்தது முக்கிய வேலையாகிவிட்டது. லோபினாவிரோடு ரிட்டோனாவிரைச் சேர்த்ததும் இதற்காகத்தான்.

வைரஸும் சும்மா இருக்காது. சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் புதிய எச்ஐவிகள் பிறக்கின்றன, படியெடுப்பதில் பிழைகள் ஏராளம். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று கத்தரிக்கோலின் 82-வது இடத்து வாலினை அலனினாகவோ, 84-வது இடத்து ஐசோலூசினை வாலினாகவோ மாற்றிவிடும். குழியின் சுவர் கொஞ்சம் விலகி மருந்தின் பிடி தளரும். ஆனால் உண்மையான துணியை வெட்டுவது பெரிதாகக் கெடாது.

இதற்கு வந்த பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வைரஸ் எதை மாற்ற முடியாது என்று கேட்டார்கள். அமினோ அமிலங்களின் பக்கவாட்டுக் கிளைகளை மாற்றலாம், ஆனால் எல்லாவற்றையும் கோத்து நிற்கும் முதுகெலும்பு எந்த அமினோ அமிலம் வந்தாலும் ஒன்றுதான். இந்தியாவில் படித்து அமெரிக்கா சென்ற வேதியியலாளர் அருண் கோஷ், அந்த முதுகெலும்பின் அணுக்களையே முடிந்தவரை பிடிக்கும் மூலக்கூறுகளைச் செய்தார். அவற்றில் ஒன்று 2006-ல் அனுமதி பெற்ற டாருனாவிர். செலியா ஷிஃபர் வேறு கோணத்தில் பார்த்தார். கத்தரிக்கோல் வெட்டும் எல்லாத் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பொதுவான ஓர் உருவம் கிடைக்கிறது. மருந்து அந்த உருவத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால், மருந்தைத் தள்ளிவிட வைரஸ் செய்யும் எந்த மாற்றமும் அதன் சொந்த வெட்டையும் கெடுக்கும். உருவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மருந்தின் பாகங்கள்தான் வைரஸுக்குத் தப்பிக்கும் வழி.

மீண்டும் வூஹான்

இனி முதல் கேள்விக்குப் போகலாம். கொரோனாவும் ஒரே பாவில் நெய்கிறதுதான். அதன் மரபுக் குறிப்பு ஏறக்குறைய 30,000 எழுத்துகள், நெய்யும் சங்கிலியும் மிக நீளம். முதன்மை புரோட்டியேஸ் என்ற கத்தரிக்கோல் அதை 11 இடங்களில் வெட்டுகிறது. ஆனால் இந்தக் கத்தரிக்கோலின் வாயில் ஆஸ்பார்ட்டிக் அமில ஜோடி இல்லை. அங்கே இருப்பது 145-வது இடத்தில் ஒரு சிஸ்டீனும், 41-வது இடத்தில் ஒரு ஹிஸ்டிடீனும். ஹிஸ்டிடீன் சிஸ்டீனின் கந்தகத்திலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள, கந்தகமே நேராகப் பாய்ந்து கார்பனைப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பில் சங்கிலி அறுபட்டு ஒரு பாதி போய்விடுகிறது, மறு பாதி கந்தகத்தோடு ஒட்டியிருக்கிறது. பிறகுதான் தண்ணீர் வந்து அதை விடுவிக்கிறது.

லோபினாவிரின் நடுவில் இருப்பது ஆஸ்பார்ட்டிக் அமில ஜோடிக்காகச் செய்த ஹைட்ராக்சில் கைப்பிடி. கொரோனாவின் குழியில் அதைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. வெட்டும் இடமும் வேறு. எச்ஐவி புரோலினுக்கு முன்னால் வெட்டுகிறது என்றால், கொரோனா குளூட்டமினுக்குப் பின்னால் வெட்டும். புரோட்டியேஸ் என்பது தொழிலின் பெயர் மட்டும். தச்சரும் தட்டாரும் சுத்தியல் பிடிக்கிறார்கள் என்பதற்காக ஒருவர் பட்டறையில் இன்னொருவர் வேலை பார்க்க முடியுமா?

குளூட்டமினுக்குப் பின்னால் இப்படி வெட்டும் மனித நொதி எதுவும் அறியப்படவில்லை என்பது மருந்து செய்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம். 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே ஷாங்காய்டெக் பல்கலைக்கழகக் குழு இந்தக் கத்தரிக்கோலின் படத்தை எல்லாரும் பார்க்க வெளியிட்டுவிட்டது. ஃபைசர் நிறுவனத்தில் இன்னொரு அதிர்ஷ்டமும் அலமாரியில் இருந்தது. 2003-ல் சார்ஸ் வந்தபோது அதன் கத்தரிக்கோலுக்காக ஒரு மூலக்கூறு செய்திருந்தார்கள். நோய் அடங்கியதும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வைரஸ்களின் கத்தரிக்கோலும் நூற்றுக்கு 96 பங்கு ஒன்றே. ஆனால் பழைய மூலக்கூறு வாய்வழியாக உடம்பில் சேராது, நரம்பில் ஏற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் நோயாளிக்கு அது ஆகாது.

அதை மாத்திரையாக்க என்ன செய்தார்கள்? குளூட்டமின் இருக்க வேண்டிய இடத்தில் அதன் சாயலில் ஒரு வளையம் இருந்தது, அதைத் தொடவில்லை. தண்ணீரோடு அதிகம் ஒட்டுகிற பகுதிகளைக் குறைத்தார்கள். குடல் சுவரைத் தாண்ட அது உதவும். வெட்டு விழ வேண்டிய இடத்தில் நைட்ரைல் என்ற சின்னக் கொக்கி, ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மூன்று பிணைப்பால் சேர்ந்தது. கந்தகம் வழக்கம்போலப் பாய்ந்து அந்தக் கார்பனைப் பிடிக்கும், மாட்டிக்கொள்ளும். தூண்டில் முள்ளைக் கவ்விய மீன் கதைதான்.

கொக்கி விஷயத்தில் அளவு முக்கியம். அது ரொம்பக் கூர்மையாக இருந்தால் வழியில் பார்க்கிற கந்தகத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், நம் உடம்பில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. மந்தமாக இருந்தால் வைரஸையும் பிடிக்காது. நைட்ரைல் சாதுவானது. குழிக்குள் சரியான கோணத்தில் உட்கார்ந்த பிறகுதான் கந்தகத்தோடு சேரும், அந்தப் பிணைப்பும் நிரந்தரமில்லை, திரும்பக் கழலும். பெரிய அளவில் தயாரிக்கவும் தோதானது.

நிர்மாட்ரெல்விர் என்று பெயர் வைத்த அந்த மூலக்கூறை 2020 ஜூலையில் முதல்முறையாகச் செய்தார்கள். 2021 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்கு நோய்க்குறி தொடங்கி மூன்று நாளுக்குள் கொடுத்தபோது, மருத்துவமனைக்குப் போவதும் இறப்பதும் 89 சதவீதம் குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களையும் சேர்த்துச் செய்த இன்னொரு சோதனையில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிர்மாட்ரெல்விருக்கும் பழைய வில்லன்தான், கல்லீரலின் சிஒய்பி3ஏ4. தனியாக விழுங்கினால் வேகமாகச் சிதைந்துவிடும். அதனால் பேக்ஸ்லோவிட் பெட்டியில் ஒரு வேளைக்கு இரண்டு இளஞ்சிவப்பு மாத்திரையும் ஒரு வெள்ளை மாத்திரையும் இருக்கும். இளஞ்சிவப்பு நிர்மாட்ரெல்விர், வெள்ளை 100 மில்லிகிராம் ரிட்டோனாவிர். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்களில் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதும் இந்த வெள்ளை மாத்திரையால்தான். கல்லீரல் கட்டுண்டு கிடக்கும்போது அந்த மருந்தும் சிதையாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். காலையில் மூன்று, இரவில் மூன்று, ஐந்து நாள். மொத்தம் 30 மாத்திரை. அதில் பத்து, கொரோனாவின் கத்தரிக்கோல் பக்கமே போவதில்லை.